டிகோட்யூஆர்ஐகம்போனன்டா, யூஆர்எல்சர்ச்பாரம்ஸா?

யூஆர்எல்லில், அதாவது இணைய முகவரியில், தமிழும் சில குறிகளும் %25 போன்ற வடிவத்தில்தான் போகும். அதைத் திரும்ப எழுத்தாக்குவதைத்தான் இங்கே பிரிப்பது என்கிறேன். ஜாவாஸ்கிரிப்டில் அதற்கு இரண்டு கருவி: கொடுத்த ஒரு துண்டை மட்டும் பிரிக்கும் டிகோட்யூஆர்ஐகம்போனன்ட் (சுருக்கமாகக் கம்போனன்ட்), முகவரியில் கேள்விக்குறிக்குப் பின்னால் வரும் மதிப்புகளைப் பிரித்துத் தரும் யூஆர்எல்சர்ச்பாரம்ஸ் (சர்ச்பாரம்ஸ்).

காரைக்குடிப் பக்கம் ஆத்தங்குடிக் கல் போடும் ஒரு பட்டறைக்கு ஆர்டர் பக்கம் எழுதிக் கொடுத்தேன். ஒரு வாரம் நன்றாக ஓடியது. யாரோ குறிப்புப் பெட்டியில் ‘50% முன்பணம்’ என்று எழுதி அனுப்ப, பக்கம் வெள்ளையாக நின்றுவிட்டது. பிரவுசர் பிழைகளைக் காட்டும் கன்சோலில் ‘யூஆர்ஐ மால்ஃபார்ம்டு’, அதாவது முகவரியின் வடிவம் தவறு.

பிரவுசர் சதவீதக் குறியை ஒழுங்காக %25 ஆக்கித்தான் அனுப்பியிருந்தது. சர்ச்பாரம்ஸ் அதைப் பிரித்து ‘50%’ என்று கையில் கொடுத்தது. அதன் மேல் நான் டிகோட்யூஆர்ஐகம்போனன்டையும் போட்டிருந்தேன். அதற்கு % என்றால் ஒட்டினாற்போல இரண்டு ஹெக்ஸ் எழுத்து (0-9, A-F) வேண்டும். இருந்ததோ வெறும் இடைவெளி. இந்தப் பிழை வந்தால், ஒன்றையே இரண்டு தடவை பிரிக்கிறோமா என்றுதான் முதலில் பாருங்கள்.

அப்படியானால் கம்போனன்டைத் தூக்கிவிட்டு சர்ச்பாரம்ஸ் மட்டும் போதுமா? நானும் அப்படித்தான் நினைத்தேன். அது எதற்கும் பிழை எறியாது என்பதில்தான் சிக்கல் இருக்கிறது.

எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒரு குறியீட்டுக்கு 3 பைட். யூஆர்எல்லில் ஒரு பைட் %E0 போல 3 எழுத்தாகும். புள்ளி, துணைக்கால் போன்றவையும் தனிக் குறியீடு. ‘ஆத்தங்குடி’ 10 குறியீடு, அதாவது 90 எழுத்து. ‘ஆத்தங்குடி கற்கள்’, இடைவெளிக்கான %20 சேர்த்து, 147. லிங்கில் வரும் இந்தப் பெயரை அப்படியே சேமித்த பழைய அட்டவணையில் அந்தப் புலத்துக்கு வரம்பு 100 எழுத்து. ‘கற்கள்’ முதல் எழுத்திலேயே அறுந்தது. கம்போனன்டாக இருந்தால் அங்கேயே கத்தியிருக்கும். சர்ச்பாரம்ஸ் அறுந்த பைட்டுகளுக்குப் பதில் கேள்விக்குறி போட்ட கறுப்பு வைரத்தை வைத்துச் சும்மா இருந்துவிட்டது. இரண்டு நாள் கழித்துப் பட்டறைக்காரர் போன் போட்டார்: “தம்பி, கல்லு இருக்க வேண்டிய எடத்துல கேள்விக்குறி வந்திருக்கே?”

சத்தம் போடும் பிழையைவிட இது மோசம்.

கூட்டல் குறியிலும் இரண்டும் வேறு. சர்ச்பாரம்ஸ் அதை இடைவெளியாக்கும். ஃபார்ம் அனுப்பும் முறைக்கு அதுதான் சரி. கையால் ஒட்டிய லிங்கில் +91 என்று எண் இருந்தால் கூட்டல் காணாமல் போகும். கம்போனன்ட் கூட்டலைத் தொடாது. டிகோட்யூஆர்ஐ என்று மூன்றாவது ஒன்று உண்டு. சாய்கோடு, கேள்விக்குறி போன்றவற்றின் குறியீட்டை அப்படியே விட்டுவிடும். மதிப்பைப் பிரிக்க அது உதவாது.

இப்போது என் வழி இது. கேள்விக்குறிக்குப் பின்னால் வருவதெல்லாம் சர்ச்பாரம்ஸுக்கு. அதன் மேல் வேறெதுவும் போடுவதில்லை. சேமிக்கும் முன் அந்தக் கறுப்பு வைரம் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் 400 பிழையோடு (கோரிக்கை தவறு என்று சொல்லும் எண்) திருப்பி அனுப்பிவிடுகிறேன். பாதையில், அதாவது முகவரியில் கேள்விக்குறிக்கு முன்னால் சாய்கோடுகளோடு வரும் பகுதியில், இருக்கும் கல்லின் பெயருக்குக் கம்போனன்ட்தான்: முதலில் சாய்கோட்டில் வெட்டி, பிறகு துண்டு துண்டாக, பிழை வந்தால் பிடித்துக்கொள்ளும் ட்ரை-கேட்ச்சுக்குள். முழுப் பாதையையும் பிரித்துவிட்டு வெட்டினால், பெயருக்குள்ளேயே இருந்த சாய்கோடும் வெட்டுப்படும்.

அட்டவணையில் இப்போது பிரித்த தமிழையே வைக்கிறேன். ‘ஆத்தங்குடி கற்கள்’ அங்கே 17 குறியீடுதான்.