நேரலை அறையில் காயின் வாங்கி 23,000 ரூபாயை இழந்தேன்: தயவுசெய்து படியுங்கள்

நேற்று முன்தினம் இரவு 23,000 ரூபாயைப் பறிகொடுத்தேன். கோபம் ஆறவில்லை. ஆனாலும் இன்றிரவு வேறு யாரோ அதே செயலியில் அறை தேடிக்கொண்டிருப்பார் என்பதால் உடனே எழுதுகிறேன்.

அது நேரலைக் குரல் அறைகள் கொண்ட செயலி. அறையில் பாடுபவர்களுக்குப் பரிசு அனுப்ப, காயின் எனப்படும் செயலியின் மெய்நிகர் நாணயத்தைப் பணம் கொடுத்து வாங்க வேண்டும். முகப்பில் வரிசையாக வரும் ப்ரொஃபைல்களில் படம், பின்தொடர்வோர் எண்ணிக்கை, லெவல் ஆகியவற்றைப் பார்த்துத்தான் எந்த அறைக்குள் நுழைவது என்று முடிவு செய்ய வேண்டும். பழைய திரைப்பாடல்களை நேயர் விருப்பமாகப் பாடுவதாக எழுதியிருந்த ஒரு பெண்ணின் ப்ரொஃபைலை, வீணையோடு இருந்த படத்தையும் உயர்ந்த லெவலையும் நம்பித் தேர்ந்தெடுத்தேன். லெவல் என்பது பரிசுகள் கைமாறுவதால் ஏறும் எண்தானே தவிர, ஒருவருடைய நேர்மைக்குச் சான்று அல்ல என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

மூன்றாம் இரவு, படுத்த படுக்கையாக இருக்கும் என் அம்மாவுக்காக ஒரு தாலாட்டுப் பாட முடியுமா என்று கேட்டேன். காத்திருந்தவர்களைப் பொறுக்கச் சொல்லிவிட்டு, அம்மாவின் பெயரைச் சொல்லி, முழுப் பாடலையும் பாடினார். அம்மா கண் கலங்கினார். அதன் பிறகு நான் எதையும் சந்தேகிக்கவில்லை.

பாட்டு முடிந்த கையோடு அறையின் அட்மின் தனிச்செய்தியில் வந்து, செயலிக்குள் காயின் விலை அதிகம் என்றும், தங்களுக்குத் தெரிந்த விற்பனையாளரிடம் பாதி விலைக்குக் கிடைக்கும் என்றும் சொன்னார். யுபிஐயில் 500 ரூபாய் அனுப்பினேன். இரண்டே நிமிடத்தில் காயின் வந்தது. அடுத்து அனுப்பிய 3,000 ரூபாய்க்கு எதுவும் வரவில்லை. காயின் தேங்கி நிற்கிறது, பெரிய தொகுப்பாக வாங்கினால்தான் மொத்தமும் விடுபடும் என்று சொல்லி 8,000, பிறகு 12,000 என்று வாங்கிக்கொண்டார்கள். ஆக 23,000 ரூபாய்.

"சர்வர் கோளாறு, 24 மணி நேரம் பொறுங்கள்" என்ற அட்மின், மறுநாள் மாலை என்னை பிளாக் செய்துவிட்டார். செயலியின் உதவி மையம் ஒரே தானியங்கிப் பதிலை நான்கு முறை அனுப்பியபின், வெளியே நடந்த பரிவர்த்தனைக்குத் தாங்கள் பொறுப்பல்ல என்று முடித்துக்கொண்டது. அவர்கள் தளத்தில், அவர்கள் கொடுத்த அட்மின் பட்டையோடு ஒருவர் என்னை ஏமாற்றியதற்கு வேறு யார் பொறுப்பு? வங்கியிலோ, ரகசிய எண்ணை நீங்களேதானே போட்டீர்கள் என்றார்கள். நேற்றிரவு அதே வீணைப் படம் வேறு பெயரில் லைவில் இருந்தது. என் 23,000 ரூபாய் எங்கே என்று கேட்டதும் அறையிலிருந்து வெளியேற்றினார்கள்.

தப்பிக்கும் வழிகளை விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. அறைக்குள் நுழையும் முன் ப்ரொஃபைல் படத்தை கூகுள் லென்ஸில் தேடிப் பாருங்கள். தனி ஆளிடம் காயின் வாங்காதீர்கள். பணம் போனால் யாருடைய சமாதானத்தையும் கேட்காமல் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள். அந்த 24 மணி நேரப் பேச்சை நம்பியதால் நான் மறுநாள் இரவுதான் அழைத்தேன்.