பெரும்பான்மையை எண்ணாத வாக்கு: கம்யூனிட்டி நோட்ஸ் சேவை பற்றிய மதிப்புரை

எக்ஸ் தளத்தில் சில பதிவுகளுக்குக் கீழே, வாசகர்கள் சேர்த்த கூடுதல் விவரம் என்று ஒரு சிறு பெட்டி தோன்றுவதைப் பலரும் கவனித்திருப்பார்கள். 2021 ஜனவரியில் அமெரிக்காவில் பேர்ட்வாட்ச் என்ற பெயரில் தொடங்கி, 2022 இறுதியில் கம்யூனிட்டி நோட்ஸ் என்று பெயர் மாறிய இச்சேவை, 2024 ஏப்ரலில், மக்களவைத் தேர்தலுக்குச் சற்று முன்பு, இந்தியப் பங்கேற்பாளர்களுக்கும் திறந்துவிடப்பட்டது. இதன் வாக்கு விதி தனித்துப் பேசத் தகுந்தது என்று கருதுவதால்தான் இம்மதிப்புரையை எழுதுகிறேன்.

இணையத்தில் வாக்கெடுப்பு என்றாலே ஆள்பலம்தான் முடிவு செய்கிறது. எந்தக் கட்சியின் ஐ.டி. விங்கில் கைகள் அதிகமோ அதன் கருத்து மேலே ஏறிவிடும். கம்யூனிட்டி நோட்ஸ் இந்தக் கணக்கையே மாற்றி வைத்திருக்கிறது. பங்கேற்பாளர் ஒருவர் எழுதும் குறிப்பை மற்றப் பங்கேற்பாளர்கள் மதிப்பிடுகிறார்கள்; ஒரே தரப்பைச் சேர்ந்த ஆயிரம் பேர் 'பயனுள்ளது' என்று குறித்தாலும் அது அந்தப் பெட்டியில் வெளிவராது. இதுவரை பெரும்பாலும் எதிரெதிராக வாக்களித்து வந்தவர்கள் அந்த ஒன்றில் ஒத்துப்போனால்தான் அது எல்லோர் கண்ணிலும் படும். இதற்காக யாரிடமும் கட்சி கேட்கப்படுவதில்லை. முந்தைய மதிப்பீடுகளைக் கொண்டே ஒவ்வொருவரின் சாய்வும் ஒவ்வொரு குறிப்பின் சாய்வும் எண்ணாகக் கணக்கிடப்படுகின்றன. சாய்வின் காரணமாக வந்த ஆதரவைக் கழித்த பிறகு எஞ்சும் மதிப்பு, பொதுவாக 0.40 என்ற அளவை எட்ட வேண்டும். நிரலும் தரவும் பொதுவில் வைக்கப்பட்டிருப்பதால், முடிவில் ஐயம் கொண்ட எவரும் கணக்கைத் தாமே போட்டுப் பார்க்கலாம். தேர்தல் முடிவைக்கூட இவ்வளவு நெருக்கமாகச் சரிபார்க்கும் வாய்ப்பு ஒரு குடிமகனுக்குக் கிடைப்பதில்லை என்பதால், இந்தச் சேவையில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான்.

சேர்வதற்குச் சரிபார்க்கப்பட்ட கைப்பேசி எண்ணும் ஆறு மாதம் பழைய கணக்கும் வேண்டும்; எழுதுபவர்கள் புனைபெயரிலேயே இயங்குகிறார்கள். புதியவர் முதலில் பிறர் எழுதிய குறிப்புகளை மதிப்பிட்டு 5 புள்ளிகள் சேர்த்த பிறகே தாம் எழுத முடியும். ஆனால் அந்தப் புள்ளி, நம் மதிப்பீடு இறுதி முடிவோடு பொருந்தும்போது கிடைக்கிறது என்பதால், தம் மனத்தில் பட்டதைச் சொல்வதைவிட எது வெல்லும் என்று ஊகித்துச் சொல்லும் பழக்கத்தை அது வளர்க்கக்கூடும். இவ்விதி மறுபரிசீலனைக்கு உரியது என்பது என் உறுதியான கருத்து.

இன்னொரு குறை இதைவிட ஆழமானது. எழுதப்படும் குறிப்புகளில் பெரும்பாலானவை 'மேலும் மதிப்பீடு தேவை' என்ற நிலையிலேயே நின்றுவிடுகின்றன. எந்த விவகாரத்தில் இரு தரப்பும் சிறிதும் இறங்கி வராதோ, விளக்கம் மிகவும் தேவைப்படும் அந்த இடத்திலேயே சேவை மௌனமாகிவிடுகிறது. அத்துடன், அடிப்படைக் கணக்கு மனிதர்களின் சாய்வை ஒரே கோட்டில் அளக்கிறது. இரு கட்சிகளாகப் பிரிந்து நிற்கும் அமெரிக்காவுக்கு அந்தக் கோடு ஓரளவு பொருந்தும். மொழிக் கொள்கையில் ஓரணியில் நிற்பவர்கள் இடஒதுக்கீட்டில் பிரிந்தும், மாநில உரிமையில் மீண்டும் சேர்ந்தும் நிற்கும் நம் அரசியலை ஒரு கோட்டில் அடுக்கினால், மெய்யான எதிரெதிர்த் தரப்புகள் கணக்கின் கண்ணுக்குப் படாமல் போகும்.

இக்குறைகளோடும் இதைப் பரிந்துரைக்கிறேன். தமிழில் எழுதப்படும் குறிப்புகளை மதிப்பிட, வெவ்வேறு அரசியல் நம்பிக்கை கொண்ட தமிழர்கள் போதிய எண்ணிக்கையில் இதில் சேர வேண்டும். ஒரு சாரார் மட்டும் இருக்கும் இடத்தில் இந்த விதியால் எதையும் கணக்கிட முடியாது.