எக்கோவா, ரத்தப் பரிசோதனையா?
இதயச் செயலிழப்பு உள்ளவர் இனி எப்படி இருப்பார் என்று கணிக்க, எக்கோ (இதயத்தின் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்) அறிக்கையில் எல்லாரும் முதலில் தேடுவது 'இஎஃப்' எண்ணைத்தான். இதயத்தின் இடது கீழறை தன்னிடம் உள்ள ரத்தத்தில் எத்தனை சதவீதத்தை ஒவ்வொரு துடிப்பிலும் வெளியே தள்ளுகிறது என்பதே அது. 40 சதவீதமோ அதற்குக் கீழோ என்றால் பம்பிங் குறைந்துவிட்டது என்று அர்த்தம். சரி, 50க்கு மேல் இருந்தால் நிம்மதியா? இல்லை. இந்த நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அப்படித்தான் இருக்கும். அளப்பவரைப் பொறுத்தும் எண் கொஞ்சம் மாறும்.

ரத்தத்தில் என்டி-புரோபிஎன்பி என்ற புரதத் துண்டின் அளவைப் பார்க்கும் பரிசோதனை, இதயச் சுவர் எவ்வளவு இழுபடுகிறது என்பதைச் சொல்கிறது. அட்மிஷனில் இருந்த அளவு டிஸ்சார்ஜுக்குள் 30 சதவீதத்துக்கு மேல் இறங்கினால் நல்ல அறிகுறி. சிறுநீரகக் கோளாறும் முதுமையும் அதை ஏற்றிக் காட்டும். உடல் பருமன் குறைத்துக் காட்டும்.

வால்வா, பழைய மாரடைப்பா என்று காரணத்தைக் காட்ட எக்கோ வேண்டும். அடுத்த சில மாதங்களைக் கணிக்க மட்டும் என்றால், என் ஓட்டு ரத்தப் பரிசோதனைக்கே.