தேனா, தேன்மெழுகா, புரோபோலிஸா? பெங்களூரு வெயிலுக்கு எது நிற்கும்

பெங்களூரு வெயிலை யாரும் வெயிலாகவே மதிப்பதில்லை. சென்னையிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் ஏப்ரல் மாதத்திலும் "இங்க என்ன, சும்மா ஜிலுஜிலுன்னுல்ல இருக்கு" என்று மொட்டை மாடியில் உலாத்துவார்கள். சுடுகிற வெப்பம் வேறு, தோலைக் கெடுக்கிற புற ஊதாக் கதிர் வேறு. இந்த ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் ஏறத்தாழ 10 விழுக்காடு கூடும். மார்ச், ஏப்ரல் நண்பகலில் யூவி குறியீடு, அதாவது புற ஊதாக் கதிரின் தீவிரத்தைச் சொல்லும் எண், 11-ஐத் தாண்டுவது இங்கே வழக்கம்தான். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலில் 11-க்கு மேல் வேறு படியே இல்லை. காற்று குளிர்ச்சியாக இருப்பதால் நமக்கு உறைப்பதில்லை. கன்னத்தில் மங்கு விழுந்த பிறகுதான் தெரியவரும்.

அல்சூரிலிருந்து ஒயிட்ஃபீல்டு வரை ஸ்கூட்டரில் போய் வருகிறவள் நான். ரசாயன வாசனை இல்லாத ஏதாவது வேண்டும் என்று தேனீ தருகிற பொருள்களாகத் தேடிப் பார்த்து, கடைசியில் தேன்மெழுகில் வந்து நின்றேன். இன்னும் குறிப்பாகச் சொன்னால், தேன்மெழுகில் கதிரைத் தடுக்கும் ஜிங்க் ஆக்சைடு பொடி கலந்து, எஸ்பிஎஃப் (வெயில் காப்புத் திறன்) அளவு சோதித்து அச்சிட்ட குச்சி வடிவ சன்ஸ்கிரீன். ஆகவே நான் மெழுகின் பக்கம் சாய்ந்துதான் எழுதுவேன்.

முதலில் ஒன்று: தேன், மெழுகு, தேனீப் பிசினான புரோபோலிஸ், ராணித் தேனீக்கு ஊட்டும் ராயல் ஜெல்லி எதுவும் தனியாக சன்ஸ்கிரீனுக்கு மாற்று இல்லை. எஸ்பிஎஃப் 30 என்றால் தோலைச் சிவக்க வைக்கும் யூவிபி என்ற புற ஊதாக் கதிரில் சுமார் 97 விழுக்காட்டைத் தடுக்க வேண்டும். தேனீப் பொருள் எதையும் அப்படியே எடுத்துப் பூசினால் அதன் பக்கத்தில்கூட வராது.

தேன். மாடி வீட்டு அக்கா என்னைப் பார்த்த முதல் நாளே, "ஏன்டி, காசைக் கொட்டுற? காலையில கொஞ்சம் தேனைத் தடவிக்கிட்டுப் போ, வெயில் ஒண்ணும் பண்ணாது" என்றார். தேன் பெரும்பாலும் சர்க்கரையும் தண்ணீரும். வியர்த்தால் கரைந்து வழியும். சில்க் போர்டு சிக்னலில் நின்றால் தூசியெல்லாம் முகத்தில் அப்பும். வெயிலில் அலைந்து வந்த பின் கால் மணி நேரம் பூசிக் கழுவினால் தோல் பதமாகிறது. ஈரத்தை இழுத்து வைக்கிற குணம் அதற்கு உண்டு. அத்தோடு தேனின் வேலை முடிந்தது. அதிலும் வாங்குவது தேன்தானா என்று பார்க்க வேண்டியிருக்கிறது. 2020 டிசம்பரில் தில்லியின் அறிவியல் சுற்றுச்சூழல் மையம் 13 தேன் பிராண்டுகளைச் சோதித்ததில் மூன்றுதான் எல்லாச் சோதனைகளிலும் தேறின. தேனோடு எலுமிச்சைச் சாற்றைக் கலந்து பூசிக்கொண்டு வெளியே போவதை மட்டும் செய்யவே வேண்டாம். எலுமிச்சையில் இருக்கும் சொராலன் வகைப் பொருள்கள் வெயில் பட்டதும் தோலைக் கொப்புளமாக்கி, மாதக்கணக்கில் நிற்கும் கறுப்பைத் தரலாம்.

புரோபோலிஸுக்கு உண்மையிலேயே சரக்கு உண்டு. மரப் பிசினைத் தேனீ சேகரித்துக் கூட்டின் இடுக்குகளை அடைக்கப் பயன்படுத்தும் பொருள் அது. அதிலுள்ள ஃபிளவனாய்டுகளும் காஃபியிக் அமிலச் சேர்மங்களும் ஆய்வகச் சோதனைகளில் புற ஊதாக் கதிரால் வரும் அழற்சியைக் குறைத்திருக்கின்றன. ஆனால் எந்த மரத்துப் பிசின் என்பதைப் பொறுத்துச் சரக்கே மாறும். பிரேசிலின் பச்சைப் புரோபோலிஸும் ஐரோப்பாவின் பாப்லர் மரத்துப் புரோபோலிஸும் வேறு வேறு. நம் ஊர் அடுக்குத் தேனீ இதை அவ்வளவாகச் சேர்ப்பதும் இல்லை. இத்தாலியத் தேனீயும் கொடுக்கில்லாத கொசுத்தேனீயும் சேர்க்கும். கடையில் கிடைப்பது பெரும்பாலும் ஆல்கஹாலில் ஊறவைத்த டிங்சர். முகத்தில் எரியும், தலையணை உறையில் பழுப்புக் கறை விழும். ஒவ்வாமையும் அபூர்வம் அல்ல. ஐரோப்பியத் தோல் மருத்துவர்கள் வழக்கமாகச் செய்யும் ஒட்டுச் சோதனைப் பட்டியலிலேயே புரோபோலிஸ் இருக்கிறது. நான் கொஞ்ச நாள் இரவில் மட்டும் பூசிப் பார்த்து விட்டுவிட்டேன். நீண்ட நாள் பலனைப் பற்றி என் அனுபவத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

ராயல் ஜெல்லி என் கையில் வந்தது தோழி ஒருத்தி கொடுத்த சின்னக் குப்பியோடு சரி. ஃபிரிட்ஜை விட்டு வெளியே எடுத்தால் தாங்காத பொருளை ஆபீஸ் பையில் போட்டுக்கொண்டு போவது நடக்கிற காரியமா?

மெழுகுக்கு வருவோம். இதில் பெரும்பாலும் இருப்பது எஸ்டர் எனப்படும் நீண்ட கொழுப்புச் சேர்மங்கள், தண்ணீரில் கரையாது. வியர்வை அதை எளிதில் கரைத்துக்கொண்டு போகாது. ஜிங்க் துகள்களைத் தோலோடு பிடித்து வைத்துக்கொள்ளும் பசை போல நிற்கும். கதிரைத் தடுப்பது ஜிங்க், அதை இடத்தில் நிறுத்துவது மெழுகு. சன்ஸ்கிரீன் குச்சிகளிலும் உதட்டு பாமிலும் இது காலம்காலமாக இருப்பதற்குக் காரணமும் அதுதான். உதட்டை நாம் எல்லோரும் மறக்கிறோம். அங்கே வெயிலைத் தாங்கும் மெலனின் நிறமி குறைவு, வெயில் நேராக ஏறும். அந்த இடத்துக்கு மெழுகுக்கு ஈடு எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை.

ஆனால் மெழுகை வாங்குவதற்கு முன் யோசிக்க வேண்டியது அதை எங்கே வைக்கப்போகிறீர்கள் என்பதைத்தான். சுத்தமான தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரி செல்சியஸில் உருகும். குச்சியில் இருப்பது அது மட்டும் அல்ல, எண்ணெயும் சேர்ந்திருக்கிறது; அதனால் அதைவிடக் குறைந்த சூட்டிலேயே தளரும். வெயிலில் நிறுத்திய ஸ்கூட்டரின் டிக்கி அதற்குப் போதுமான சூட்டை எட்டிவிடும். தளர்ந்து மறுபடி இறுகினால் என்ன என்று கேட்கலாம். ஜிங்க் ஆக்சைடு எண்ணெயைவிடப் பல மடங்கு அடர்த்தியானது. மொத்தமும் உருகி ஓடினால் துகள்கள் கீழே படியும். இறுகிய பிறகு மேல் பாதியில் வெறும் எண்ணெயும் மெழுகும், அடியில் மட்டும் ஜிங்க் என்று ஆகிவிடலாம். பார்த்தால் பழைய குச்சி மாதிரியேதான் இருக்கும், அட்டையில் எஸ்பிஎஃப் 30 என்றுதான் இருக்கும், பூசுவதோ பாதுகாப்பில்லாத எண்ணெய். ஒரு முறை குழைந்து உருக்குலைந்த குச்சியைக் குதிகால் வெடிப்புக்கு ஒதுக்கிவிடுங்கள்.

வீட்டிலேயே மெழுகை உருக்கி ஜிங்க் பொடியைக் கலந்து சன்ஸ்கிரீன் செய்கிறேன் என்பவர்களுக்கும் இதே பதில்தான். ஆலையில் துகள்களைச் சீராகப் பரப்ப இயந்திரம் இருக்கிறது. நம் அடுப்படியில் கரண்டிதான் இருக்கிறது. கட்டி கட்டியாக நின்ற இடத்தில் வெள்ளை, மற்ற இடத்தில் ஒன்றும் இல்லை. வீட்டில் செய்ய ஆசை என்றால் ஒரு பங்கு மெழுகு, மூன்று பங்கு தேங்காய் எண்ணெய் என்று இரவில் பூசும் பாம் செய்யலாம். டிசம்பர் காலையில் கல் மாதிரி இறுகும். 24 டிகிரிக்குக் கீழே தேங்காய் எண்ணெய் உறையும் ஊர் இது. விரல் சூட்டில் தேய்த்தால் இளகிவிடும். வாங்கி வைத்த மெழுகின் மேல் நாளாக நாளாக வெள்ளைப் படலம் படிந்தால் பூஞ்சை என்று தூக்கிப் போடாதீர்கள். அது தேன்மெழுகில் தானாக வருவது, துணியால் தேய்த்தால் போய்விடும்.

குறைகளும் இருக்கின்றன. குச்சியை ஒரு முறை இழுத்தால் போதும் என்று தோன்றும், போதாது. ஒரே இடத்தில் நாலைந்து தடவை முன்னும் பின்னும் இழுத்துவிட்டு விரலால் பரப்ப வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மறுபடி பூசுவதிலிருந்து மெழுகும் விலக்குத் தராது. இரவில் வெறும் தண்ணீருக்குப் போகாது, முதலில் எண்ணெய் தொட்டுத் துடைத்துவிட்டு அப்புறம் சோப்போ கடலை மாவோ போட வேண்டும். எண்ணெய் வழியும் தோலுக்கு, அதுவும் ஹெல்மெட் அழுத்தும் நெற்றியில், பரு வரலாம். அவர்கள் நெற்றிக்கு ஜெல் வகை சன்ஸ்கிரீனும், மூக்குக்கும் கன்ன மேட்டுக்கும் உதட்டுக்கும் மெழுகுக் குச்சியும் என்று பிரித்துக்கொள்ளலாம். மங்கு ஏற்கெனவே இருப்பவர்கள் அயர்ன் ஆக்சைடு சேர்த்த, தோல் நிறம் கொண்ட குச்சியாகப் பார்த்து வாங்குங்கள். கண்ணுக்குத் தெரியும் ஒளியும் மங்கைக் கூட்டும். வெறும் ஜிங்க் அதைச் சரியாகத் தடுப்பதில்லை.