எஸ்டிபி பராமரிப்பு ஒப்பந்தமும் ஆபரேட்டர் பயிற்சியும்: எதற்குக் காசு கொடுக்கலாம், எதை வெட்டிவிடலாம்

அடுக்குமாடிக் குடியிருப்பு, விடுதி, மருத்துவமனை என்று தன் கழிவுநீரைத் தன் வளாகத்திலேயே எஸ்டிபி (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்) வைத்துச் சுத்திகரிக்கும் இடங்களுக்குப் பராமரிப்புக் கம்பெனிகள் விற்கும் பேக்கேஜ் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். ஒரு வருட ஒப்பந்தம், மாதம் ஒருமுறை சர்வீஸ் இன்ஜினியர் வருகை, ஆபரேட்டருக்குச் சில நாள் பயிற்சி, ஒரு டெஸ்ட் கிட், போதாததற்கு பாக்டீரியா பவுடர். மொத்தத்தில் வாங்கலாம். ஆனால் போட்ட பணத்துக்குப் பலன் தருவது பயிற்சியும் டெஸ்ட் கிட்டும்தான். விற்க வருகிறவர் அதிகம் பேசுவதோ மற்றவற்றைப் பற்றி.

முதலில் பயிற்சி. அறையில் உட்கார வைத்து, திரையில் ஃப்ளோ சார்ட் காட்டி, கடைசியில் சான்றிதழ் கொடுக்கும் பயிற்சியை ஒதுக்கிவிடலாம். எந்த வால்வு எங்கே என்பது ஆபரேட்டருக்கு ஏற்கெனவே தெரியும். அவருக்குத் தெரிய வேண்டியது ஸ்லட்ஜின், அதாவது கழிவைத் தின்னும் பாக்டீரியா திரண்ட சேற்றின் குணம். அதைக் கற்றுக்கொடுக்க ஒரு லிட்டர் ஜாடியைவிட நல்ல கருவி கிடையாது.

காற்று ஊட்டும் ஏரேஷன் டேங்கின் கடைசி முனையில், நுரையை விலக்கி, ஒரு அடி ஆழத்தில் சாம்பிள் எடுக்க வேண்டும். எடுத்த கையோடு ஜாடியில் ஊற்றி, வெயிலும் அதிர்வும் படாத இடத்தில் வைக்க வேண்டும். காற்றடிக்கும் ப்ளோயரின் மேடை அதற்கான இடம் இல்லை. முதல் ஐந்து நிமிடம் கண்ணை எடுக்கக் கூடாது. நல்ல ஸ்லட்ஜ் திரிதிரியாகச் சேர்ந்து இறங்கும், மேலே தெளிந்த நீர் பிரியும். கல் மாதிரி சட்டென்று விழுந்து மேலே கலங்கல் நின்றால் ஸ்லட்ஜுக்கு வயதாகிவிட்டது. முப்பதாவது நிமிடத்தில் அளவைக் குறிக்க வேண்டும். எம்.எல்.எஸ்.எஸ். (ஏரேஷன் டேங்க் நீரில் மிதக்கும் திடப்பொருளின் அளவு) லிட்டருக்கு 3000 முதல் 4000 மி.கி. வரை வைத்து ஓட்டும் பிளான்டில் 300 முதல் 500 மில்லி வந்தால் கவலையில்லை.

இந்த ஒரு எண்ணோடு பாடத்தை முடித்துவிடும் பயிற்சியாளர்கள்தான் அதிகம். அது போதாது. 600 மில்லி என்ற அளவை எம்.எல்.எஸ்.எஸ். 4000-ஆல் வகுத்து ஆயிரத்தால் பெருக்கினால் 150 வரும், அதாவது ஒரு கிராம் ஸ்லட்ஜ் பிடிக்கும் இடம் 150 மில்லி, சமாளிக்கலாம். அதே 600 மில்லி, எம்.எல்.எஸ்.எஸ். 2500 இருக்கும்போது வந்தால் 240. அங்கே இழை பாக்டீரியா பெருகி ஸ்லட்ஜ் உப்பிக் கிடக்கிறது என்று அர்த்தம். எம்.எல்.எஸ்.எஸ். பார்க்க லேப் வசதி இல்லாத இடத்தில் எளிய வழி உண்டு. பாதி ஸ்லட்ஜ், பாதி சுத்திகரித்த தெளிந்த நீர் கலந்து இன்னொரு ஜாடி வைக்கலாம். முதல் ஜாடியில் 900 நின்றது இரண்டாவதில் 300-க்கு இறங்கினால் ஸ்லட்ஜ் அளவு கூடிவிட்டது, வெளியேற்றினால் சரியாகும். 800-லேயே நின்றால் இழைகளின் வேலை. காற்று போதவில்லையா, எண்ணெய்ப் பிசுக்கு வருகிறதா, முதலில் வந்து சேரும் ஈக்வலைசேஷன் டேங்கிலேயே கழிவுநீர் அழுகி வருகிறதா என்று தேட வேண்டும்.

அளவைக் குறித்ததும் ஜாடியைக் கொட்டிவிடாமல் இரண்டு மணி நேரம் அப்படியே விட்டுவைக்கச் சொல்கிறாரா என்று பாருங்கள். படிந்த ஸ்லட்ஜ் ஒரு மணி நேரத்துக்குள் கட்டியாகப் பிய்ந்து, சிறு குமிழ்களோடு மேலே வந்தால் ஸ்லட்ஜ் படிய விடும் செட்லிங் டேங்கிலும் அதுதான் நடக்கப்போகிறது. நைட்ரேட்டிலிருந்து நைட்ரஜன் வாயு பிரிந்து ஸ்லட்ஜைத் தூக்குகிறது. ஏரேஷன் டேங்குக்குத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் ஸ்லட்ஜைக் கூட்டி, அடியில் தங்கும் நேரத்தைக் குறைத்தால் அடங்கும். மிதப்பது பழுப்பாக இல்லாமல் கறுப்பாக, நாற்றத்தோடு இருந்தால் கதை வேறு. டேங்கின் சரிவான அடிப்பகுதியான ஹாப்பரின் சுவரில் ஒட்டிக் கிடந்தது அழுகியிருக்கும், அல்லது ஸ்லட்ஜைக் காற்றால் மேலே தூக்கும் ஏர்லிஃப்ட் குழாய் அடைத்திருக்கும். சுவரை மேலிருந்தே நீளத் துடைப்பானால் வழித்துவிட வேண்டும். இந்த வித்தியாசம் தெரியாதவர் இரண்டுக்கும் காற்றைத்தான் கூட்டுவார்.

பயிற்சியில் கணக்கு ஒன்றே ஒன்று போதும்: தினம் எவ்வளவு ஸ்லட்ஜ் வெளியேற்றுவது? ஏரேஷன் டேங்க் 100 கன மீட்டர், எம்.எல்.எஸ்.எஸ். 4000 என்றால் உள்ளே 400 கிலோ. ஸ்லட்ஜ் வயதை, அதாவது அது சராசரியாக உள்ளே தங்கும் காலத்தை, 20 நாளில் வைக்க, தினம் 20 கிலோ வெளியே போக வேண்டும். ரிட்டர்ன் குழாயில் வருவது லிட்டருக்கு 8 கிராம் என்றால் 2,500 லிட்டர். ஸ்லட்ஜைப் பிழியும் ஃபில்டர் பிரஸ்ஸைத் திறந்து கழுவச் சலித்து இதைத் தள்ளிப்போடுவதுதான் பாதிப் பிளான்டுகளின் நோய். தள்ளிப்போட்ட ஸ்லட்ஜ் ஒருநாள் செட்லிங் டேங்க் விளிம்பைத் தாண்டித் தானே போய்விடும், சேண்ட் ஃபில்டருக்குள்.

அடுத்தது டெஸ்ட் கிட். கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் தவறாமல் இருக்கும், மலிவு என்பதால். சுத்திகரிப்பு நடக்கிறதா என்பதை அது சொல்லாது. கரைந்த உப்பை பாக்டீரியா தின்னாது, உள்ளே வந்ததும் வெளியே போவதும் கிட்டத்தட்ட ஒரே எண்தான் காட்டும். அதை எடுத்துவிட்டுக் காரத்தன்மை பார்க்கும் கிட் கேளுங்கள். ஒரு கிராம் அமோனியா நைட்ரஜன் நைட்ரேட்டாக மாற 7.14 கிராம் காரத்தன்மை செலவாகும். உள்ளே வரும் நீரில் அமோனியா லிட்டருக்கு 40 மி.கி. என்றால் கிட்டத்தட்ட 285 மி.கி. காரத்தன்மை கரைந்துபோகும். அவ்வளவு இல்லாத நீரில் பிஎச் 6.5-க்குக் கீழே சரியும், அமோனியா மாறாமல் நின்றுவிடும். காரணம் தெரியாதவர் ப்ளோயரை மணிக்கணக்கில் கூடுதலாக ஓட்டி மின்கட்டணம் ஏற்றுவார்.

கரைந்த ஆக்ஸிஜன் மீட்டரில் ஆப்டிகல் வகையைக் கேட்டு வாங்கலாம். சவ்வு வைத்த வகைக்கு மூடியும் திரவமும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும், மாற்றாத மீட்டர் பொய் சொல்லும். குறி 2 மி.கி. ஆனால் அதைக் காலை உச்ச நேரத்தில் அளக்க வேண்டும். நள்ளிரவில் எந்தப் பிளான்டும் 4 காட்டும். குளோரின் பார்க்கும் கலர் கிட்டும் இருக்கட்டும். அரை மணி நேரத் தொடர்புக்குப் பிறகு 0.5 முதல் 1 மி.கி. மிஞ்ச வேண்டும். வெயிலில் கிடந்த ஹைப்போ (குளோரின் திரவம்) கேனில் வீரியம் குறைந்திருக்கும், அளவு அதேதான் ஊற்றினேன் என்று ஆபரேட்டர் சத்தியம் செய்தாலும் எண் வராது.

மாதாந்திர வருகை எப்படிப்பட்டது என்பது ப்ளோயர் முன்னால் தெரிந்துவிடும். துடைத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போகிறவரால் பயனில்லை. பிரஷர் கேஜைப் படித்து, போன மாத எண்ணோடு ஒப்பிடுகிறவர் வேண்டும். 4 மீட்டர் நீர் ஆழத்துக்கே சதுர செ.மீ.க்கு 0.4 கிலோ அழுத்தம் போய்விடும், குழாயும் காற்றைக் குமிழாக்கும் டிஃப்யூசரும் சேர்த்து 0.45 முதல் 0.5 வரை இருக்கும். மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறினால் டிஃப்யூசர் ரப்பர் அடைக்கிறது. திடீரென்று இறங்கி, டேங்கில் ஓர் இடத்தில் மட்டும் தண்ணீர் கொதிப்பது போலப் பொங்கினால் ரப்பர் கிழிந்திருக்கும், அல்லது குழாய் விட்டிருக்கும். ஓடாத ஸ்டாண்ட்பை ப்ளோயரின் புல்லி பின்பக்கமாகச் சுற்றினால் நான்-ரிட்டர்ன் வால்வு பிடிக்கவில்லை. பெல்ட்டை ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும், பழசும் புதுசும் சேர்த்தால் புதுசு முழு இழுவையையும் வாங்கிச் சீக்கிரம் போகும். கியர் ஆயிலை ப்ளோயர் நின்றிருக்கும்போது கண்ணாடியின் நடுக்கோடு வரை ஊற்றினால் போதும், அதிகமானால் சூடேறி சீல் வழியாகக் கசியும்.

மின்சாரம் மிச்சம் பிடிக்க இரவில் ப்ளோயரை நிறுத்தச் சொல்லும் ஆலோசனையும் சில வருகைகளில் இலவசமாக வரும். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் நிறுத்தினால் ஸ்லட்ஜ் டிஃப்யூசர் மேல் படிந்து துளைகளை அடைக்கும். டைமர் வைப்பதானால் குறுகிய இடைவெளிகளாக வைக்க வேண்டும்.

பாக்டீரியா பவுடருக்கு ஒரு பைசாவும் வேண்டாம். கழிவுநீரிலேயே வேண்டிய மட்டும் பாக்டீரியா வருகிறது. எது நிலைக்கும் என்பதை உணவும் காற்றும் ஸ்லட்ஜ் வயதும் முடிவு செய்கின்றன, டப்பா முடிவு செய்வதில்லை. புதிதாகத் தொடங்கும்போதோ, யாரோ கேன் கணக்கில் கிருமிநாசினியைக் கொட்டி எல்லாம் செத்த பிறகோ வேண்டுமானால் யோசிக்கலாம். அப்போதும் நன்றாக ஓடும் பிளான்டிலிருந்து ஒரு டேங்கர் உயிருள்ள ஸ்லட்ஜ் கொண்டுவந்து ஊற்றுவது விரைவாக வேலை செய்யும்.

மின்சாரம் இல்லாத டிவாட்ஸ் (பரவலாக்கிய கழிவுநீர் சுத்திகரிப்பு) வகை வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பேக்கேஜ் பொருந்தாது. செட்லர், தடுப்பு அறைகள், அனேரோபிக் ஃபில்டர், செடி வைத்த சரளைப் படுகை என்று போகும் அமைப்பில் மாதாமாதம் பார்க்க மெஷின் ஏதுமில்லை. அதனாலேயே பராமரிப்பே தேவையில்லை என்று சொல்லி விற்கிறார்கள், அதுவும் தவறு. வெள்ளைத் துணி சுற்றிய கழியை இறக்கி ஸ்லட்ஜ் உயரம் பார்ப்பது, 1 முதல் 3 ஆண்டுக்கு ஒருமுறை ஸ்லட்ஜ் எடுப்பது, எடுக்கும்போது அடியில் கொஞ்சம் விதையாக விட்டுவைப்பது, சரளைப் படுகையின் முன்வரிசை அடைத்து நீர் மேலே வழிகிறதா என்று பார்ப்பது. இவ்வளவையும் ஆபரேட்டருக்குச் சொல்லிக்கொடுக்க அரை நாள் போதும்.

பாதுகாப்புப் பாடத்தில் நான்கு வாயுக்களை அளக்கும் மீட்டரைக் கையில் கொடுக்காத பயிற்சியை ஏற்கவே கூடாது. மூடியைத் திறந்ததும் மேலே, நடுவே, அடியில் என மூன்று மட்டத்தில் இறக்கிப் பார்க்க வேண்டும். ஆக்ஸிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழோ, ஹைட்ரஜன் சல்ஃபைடு 10 பிபிஎம்-க்கு மேலோ இருந்தால் உள்ளே தலை நுழைக்கக் கூடாது. நாற்றமில்லை என்பதை நம்ப முடியாது. 100 பிபிஎம் அளவில் மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது. மயங்கியவரைத் தூக்க இறங்கும் இரண்டாம் ஆளும் அங்கேயே விழுவார். ஆகவே ஹார்னஸ், ட்ரைபாட், மேலே நிற்கும் ஆள் இல்லாமல் வேலை கிடையாது. இதைவிட நல்லது, இறங்கவே தேவையில்லாமல் செய்வது. டிஃப்யூசர் மாற்றும் தருணம் வந்தால், மேலிருந்தே தூக்கி எடுக்கும் சட்டத்தில் பொருத்தித் தரச் சொல்லி ஒப்பந்தத்திலேயே எழுதிவிடலாம்.

ஒப்பந்தத்தில் இன்னும் இரண்டு வரி சேர்க்க வேண்டும். ஒன்று, கன்ஸ்யூமபிள் (தேய்ந்து தீரும் பொருள், அதற்குக் காசு தனி) என்ற சொல்லுக்குள் எவையெல்லாம் அடங்கும் என்ற பட்டியல். டிஃப்யூசர் ரப்பர், பெல்ட், ஆயில், ஃபில்டர் மணல், கார்பன் எல்லாம் சத்தமில்லாமல் அதற்குள் போய்விடும், கடைசியில் வருகைக்கு மட்டுமே காசு கொடுத்திருப்பீர்கள். மற்றொன்று, பயிற்சி பெற்ற ஆபரேட்டர் வேலையை விட்டுப் போனால் புதியவருக்கு எத்தனை நாளுக்குள், கூடுதல் கட்டணம் இல்லாமல், பிளான்டிலேயே பயிற்சி தரப்படும் என்பது.