குழுவில் பேசுவதா, தனியாக ஆலோசகரிடமா?

சின்ன வயதில் நடந்த பாலியல் கொடுமையை எங்கே இறக்கி வைப்பது என்று பாம்பன், தங்கச்சிமடம் பக்கத்து அக்காமார் சிலர் கேட்டதால் எழுதுகிறேன்.

செலவு: குழுவுக்கு (இதே மாதிரி நடந்த பெண்கள் கூடி உட்கார்ந்து பேசுவது) பஸ் காசு, டீ காசு. தனியாக ஆலோசகரிடம் பேச டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண் 14416, இலவசம்.

ரகசியம்: இங்கேதான் குழு இடறும். ஒரே தெருவில் கருவாடு காயப்போடுகிற நாலு பேர் உட்கார்ந்தால் பேச்சு ஊருக்குள் போய்விடும், அதனால் வேறு ஊர்க்காரர்களோடு ராமநாதபுரத்தில் கூடுங்கள்.

பலன்: "எனக்கும் நடந்துச்சு" என்று இன்னொருத்தி சொல்லும்போது, தப்பு நம்முடையது இல்லை என்பது உறைக்கிற மாதிரி ஆலோசகர் சொல்லி உறைப்பதில்லை (எனக்கு அப்படித்தான்). யாருக்கோ நடந்த கதையாகவும் சொல்லலாம், பாதியில் நிறுத்தலாம்.

தூக்கம் கெட்டு, சாகலாமென்று தோன்றினால் முதலில் ஆலோசகர். வெட்கம்தான் பாரமென்றால் குழு. இப்போது ஒரு குழந்தைக்கு நடக்கிறதென்றால் இரண்டும் இல்லை, உடனே குழந்தைகள் உதவி எண் 1098.