அடிப்படைச் சட்ட இணைய வகுப்பு: தீங்கியலுக்கு மட்டும் வாங்கலாம்

இந்த வகுப்பில் உருப்படியானது தீங்கியல்தான், அதாவது பிறர் செய்த தீங்குக்கு இழப்பீடு கேட்கும் சட்டம். கவனக்குறைவு வழக்குக்குக் கடமை, மீறல், காரணத் தொடர்பு, இழப்பு நான்கும் வேண்டும். கடமைக்கு, தயாரிப்பாளர் நுகர்வோரிடம் கவனமாக இருக்க வேண்டும் என்ற 1932-இன் டொனஹூ எதிர் ஸ்டீவன்சன் வழக்கைக் காட்டுவது நல்ல தேர்வு. ஆனால் மாணவர்கள் வழுக்குவது காரணத் தொடர்பில். மீறல் இருந்தும் இழப்பு அதனால் வரவில்லையென்றால் வழக்கு நிற்காது. அதற்குப் பயிற்சி வினா இரண்டே இரண்டு!

அறிவுசார் சொத்துப் பாடம் சொதப்பல். பதிப்புரிமை படைத்தவுடனே பிறக்கிறது, பதிப்புரிமைக்கான பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கைப்படி பதிவு தேவையில்லை. கண்டுபிடிப்புகளுக்கான காப்புரிமைக்கோ விண்ணப்பம் கட்டாயம். இரண்டையும் ஒரே தட்டில் வைத்துவிட்டார்கள். காப்புரிமையின் 20 ஆண்டுகளையும் வழங்கிய நாளிலிருந்து எண்ணுகிறார்கள்; விண்ணப்பித்த நாளிலிருந்து எண்ண வேண்டும்.

குற்றவியல் பாடம் குற்றச்செயல், குற்றமனம் என்று தொட்டுவிட்டு ஓடுகிறது. மெய்ப்பிப்புச் சுமை, அதாவது நிரூபிக்கும் பொறுப்பு யாருடையது என்பது பற்றி ஒரு வரிகூட இல்லை.